கால் குழி நிலம்

புதுச்சேரிப் பகுதியில் நிலமோ வீடோ வைத்திருப்பவர்கள் உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ரீசர்வே எண். இன்னொன்று கதாஸ்தர் எண். முதலாவது, பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு நம் அரசாங்கம் அளந்து கொடுத்தது. இரண்டாவது, அவர்கள் காலத்து நில அளவைப் பதிவேட்டில் இருந்தது. நம்மில் பலர் இரண்டாவது எண்ணைப் படிப்பதே இல்லை. நிலப் பதிவுக் காகிதங்களோடு முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய நானும் என் சொந்தப் பத்திரத்தில் அதைப் படித்ததில்லை. போன வருஷம்தான் படித்தேன். அதைப் படிக்க வைத்தது ஒரு புயல்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. அதன் பிறகு வீடூர் அணையும் திறந்து, சங்கராபரணி ஆறு கரை புரண்டு ஓடியது. வில்லியனூருக்கும் ஊசுட்டேரிக்கும் நடுவே இருக்கிற எங்கள் நகரில் ராத்திரியே தண்ணீர் வந்துவிட்டது. வாசல் வழியாக வந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். பின்பக்கத்துச் சமையலறை வழியாக வந்தது. விடிவதற்குள் முழங்கால் அளவு. நானும் வீட்டுக்காரியும் கட்டில்மேல் உட்கார்ந்து, மிதந்து வந்த அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "தெருவில் இவ்வளவு இல்லையே, பின்னாலிருந்து எப்படி வருகிறது?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பதிலைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இன்று எழுதுகிறேன். அதற்கு ஊர்க்கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றால் கடற்கரை, வெள்ளைக்காரத் தெரு, ஆசிரமம். நமக்கோ மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால்தான் ஊரே ஆரம்பம். வில்லியனூர் பழைய ஊர். வில்வ மரங்கள் நிறைந்த வில்வநல்லூர்தான் வில்லியனூர் ஆயிற்று என்பார்கள். திருக்காமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. வைகாசித் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கப்படி இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். கொஞ்சம் தள்ளி லூர்து மாதா கோயில். அங்கே இருக்கும் சொரூபம் 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1879இல், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தபோது வில்லியனூருக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. சுற்றிலும் நெல், கரும்பு, மணிலா. இவ்வளவுக்கும் உயிர் கொடுத்தது தெற்கே ஓடும் சங்கராபரணியும் வடமேற்கே கிடக்கும் ஊசுட்டேரியும்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. அதில் பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரி ஏறக்குறைய 800 ஹெக்டேர். மழை பெய்தால் மட்டும் நிரம்புகிற ஏரி இல்லை இது. செஞ்சி மலைப் பக்கமிருந்து வரும் சங்கராபரணித் தண்ணீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம் போகிறபோது பிடித்து வைத்துக்கொண்டு, ஆறு காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. நம் முன்னோர்களின் கணக்கு இதுதான்.

இந்த ஏரிக்கு ஒரு விசித்திரம் உண்டு. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. கரையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். வரைபடத்தில் நடுவே ஒரு கோடு போகும். இந்தக் கோடு வந்த கதை சண்டைகளின் கதை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், துய்ப்ளே கவர்னராக இருந்த காலத்தில், ஆர்க்காட்டு நவாபு பதவிச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப் பக்கம் நின்றார்கள். அதற்குக் கைம்மாறாக வில்லியனூரும் சுற்றுக் கிராமங்களும் அவர்கள் கைக்கு வந்தன. 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்தது. 1778இல் மறுபடி போய், 1785இல் திரும்பி, 1793இல் இன்னொரு முறை போய், கடைசியாக 1816இல் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கிராமம் யாருக்கு என்று பேரம். அதனால்தான் நம் புதுச்சேரி கிழிந்த துணி மாதிரி துண்டுதுண்டாக இருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் இரண்டு மூன்று முறை தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பி வருகிறோம்.

பேரம் பேசியவர்கள் கிராமங்களைப் பிரித்தார்கள். தண்ணீரை அவர்களால் பிரிக்க முடியவில்லை. எங்கள் அப்பா வேடிக்கையாகச் சொல்வார்: "இங்கிலீஷ்காரன் மழையும் பிரெஞ்சுக்காரன் மழையும் ஒரே ஏரியில்தான்டா விழுந்தது."

அப்பாவுக்கு மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், எழுத்தர் வேலை. நிலத்தைப் பார்த்துக்கொண்டது பெரியப்பா. ஊசுட்டேரிப் பாசனத்தில் குடும்பத்துக்கு ஒன்றரைக் காணி இருந்தது. நம் ஊர்க் கணக்கை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. பிரெஞ்சு அளவில் சுமார் 53½ ஆர். ஒன்றரைக் காணி என்றால் 150 குழி.

பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த மதகைத் திறந்தால் எந்த வாய்க்காலில் எந்த நிலத்துக்கு எத்தனை நாழிகையில் தண்ணீர் போய்ச் சேரும் என்பது மனப்பாடம். ஏரி கோடி போகிற அன்று ஊரே போய்ப் பார்க்கும். அவர் மட்டும் ஏரியைப் பார்க்க மாட்டார், வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நடப்பார். "ஏரின்றது கரைக்குள்ள நிக்கிற தண்ணி மட்டும் இல்லடா. வர்ற வழியும் போற வழியும் சேந்ததுதான் ஏரி" என்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஏரிப் பாசனத்துக்கு விவசாயிகள் சங்கம் இருந்தது. சாந்திக்கா அக்ரிகோல் என்பார்கள். நிலத்தளவுக்கு ஏற்றபடி பொது நிதிக்குப் பணம் கட்டுவார்கள், வாய்க்கால் தூர் வாருவார்கள், தண்ணீர் முறை வைப்பார்கள். பெரியப்பாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. "சந்திக்கா கூட்டம்" என்பார். எல்லோரும் சந்திக்கிற கூட்டம் என்று அவர் புரிந்துகொண்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

என்னை அப்பா பிரெஞ்சு வழிப் பள்ளியில் போட்டார். அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய்விட்டார்கள். வில்லியனூருக்குத் தென்மேற்கே இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுதாக மாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆயிற்று. எனக்கு 1954இல் மூன்று வயது. "வெள்ளைக்காரன் போயிட்டான், உன் பையன் எதுக்கு வெள்ளைக்காரன் பாஷை படிக்கிறான்?" என்று அப்பாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. மேரியில் வேலை பார்த்தவருக்கு அந்தப் பாஷை இல்லாத உத்தியோகத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை போலும்.

பூகோள வகுப்பில் பிரான்சு நாட்டு நதிகளை ஒப்பிக்க வேண்டும். சேன், லுவார், கரோன், ரோன். லுவார் ஜெர்பியே த ழோன் மலையில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் விழும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன். லீவுக்கு வில்லியனூர் வந்தபோது ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து பெரியப்பாவிடம் இதை ஒப்பித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, நம்ம கழனிக்குத் தண்ணி எந்த மதகுலேர்ந்து வருது, சொல்லு" என்றார். முழித்தேன். அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லிக் கொடுத்திருப்பார். கேட்க வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

எழுபதுகளில் அரசாங்க வேலை கிடைத்தது. பழைய பிரெஞ்சுக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் ஆபீசில் எனக்கு ஒரு மரியாதை. அந்தக் காலத்தில்தான் ஏரிக்குக் கீழே எல்லாம் மாற ஆரம்பித்தது. இன்று யோசித்துப் பார்த்தால் எது எதற்குப் பின்னால் வந்தது என்று தெளிவாகத் தெரிகிறது. முதலில் கரண்டு மோட்டார் வந்தது. அவரவர் நிலத்தில் அவரவர் போர் போட்டுக்கொண்டார்கள். மடைக்காரனைக் கெஞ்ச வேண்டாம், முறை வைத்துக் காத்திருக்க வேண்டாம், மூன்று போகம் விளையும். இதில் யாரைக் குறை சொல்வது? சொந்த போர் இருக்கிறவன் பொது வாய்க்காலைத் தூர் வார ஏன் வரப்போகிறான்? சங்கக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. வாய்க்காலில் புல் முளைத்தது, பிறகு காட்டாமணக்கு, பிறகு குப்பை. கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. போர் போட வசதியில்லாதவன் நிலத்தைத் தரிசாகப் போட்டான். தரிசைத் தேடி மனைக்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் ஒன்றரைக் காணியும் அப்படித்தான் போயிற்று. பெரியப்பா காலமானதும், அவர் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து விற்றுவிட்டோம். தங்கை கல்யாணம் அந்தப் பணத்தில் நடந்தது.

இனிமேல் சொல்வதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து நஞ்சை நிலங்களை மனையாக மாற்ற வந்த விண்ணப்பங்கள் சில என் மேசை வழியாகத்தான் போயின. கீழேயிருந்து வரும் அறிக்கையில் "நிலம் பல ஆண்டுகளாகத் தரிசு, பாசன வசதி இல்லை" என்று இருக்கும். அதைப் பார்த்து நான் குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். "ஆட்சேபணை இல்லை எனக் கருதலாம்." அழகான கையெழுத்து என்று அதிகாரிகள் பாராட்டுவார்கள். பக்கத்து அலமாரியில் பழைய பிரெஞ்சு வரைபடங்கள் சுருட்டி வைத்திருக்கும். ஒன்றை விரித்துப் பார்த்து, "பாசன வசதி இல்லை என்கிறார்களே, இங்கே வாய்க்கால் இருக்கிறதே" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஆபீசில் அதைப் படிக்கத் தெரிந்த சிலரில் நானும் ஒருவன். படிக்கவில்லை. ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை என்பதுதான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட பெருமை. வாங்கவில்லை என்பது நிஜம். பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

1989இல் அதே பக்கம் நானும் நான்கு குழி மனை வாங்கினேன். 48 அடிக்கு 48 அடி. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும், வீட்டுக்காரியின் நகையும், ஆபீஸ் கடனும் போட்டுக் கட்டிய வீடு. பின்பக்கம் காம்பவுண்டு சுவர் எழுப்பும்போது கொத்தனார், "ஐயா, பின்னாடி கொஞ்சம் பள்ளமா கிடக்குது, எல்லாரும் இழுத்துக் கட்டியிருக்காங்க, நாமும் மூணடி இழுத்துக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றேன்.

2024 வெள்ளம் வடிந்து, சேற்றை அள்ளிப் போட்டு, நனைந்த பத்திரத்தை வெயிலில் காயவைத்தபோதுதான் கதாஸ்தர் எண் கண்ணில் பட்டது. பழைய சகா ஒருவர் உதவியால் அந்த எண்ணுக்குரிய வரைபடத்தின் நகலைப் பார்க்க முடிந்தது. மெல்லிய கோடுகளில் வயல்கள். வயல்களுக்கு நடுவே நெருக்கமாக இரண்டு கோடுகள். அவற்றுக்கு நடுவே சாய்ந்த எழுத்தில், பள்ளிக்கூடத்தில் நான் ஆயிரம் முறை எழுதிய வார்த்தை. கனால். வாய்க்கால்.

வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளந்தேன். பத்திரத்தில் 48 அடி. தரையில் 51 அடி. மூன்றடி கூடுதல். 48ஐ மூன்றால் பெருக்கினால் 144 சதுர அடி. கச்சிதமாகக் கால் குழி. எங்கள் வரிசைக்காரர்கள் ஆளுக்கு மூன்றடி, பின்வரிசைக்காரர்கள் ஆளுக்கு மூன்றடி. நடுவில் ஆறடி வாய்க்கால் காணாமல் போய்விட்டது. அன்று ராத்திரி சமையலறை வழியாகத் தண்ணீர் ஏன் வந்தது என்று வீட்டுக்காரி கேட்டதற்குப் பதில் கிடைத்தது. அது வழி தவறி வரவில்லை, தன் வழியில்தான் வந்திருக்கிறது. பெரியப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் கண்டுபிடிக்க அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. பிரான்சு நதிகளைச் சொல்லிக் கொடுத்த அதே பிரெஞ்சுதான் கடைசியில் அதைச் சொன்னது.

ஏரியைக் காப்பாற்ற யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது, ஏரிச் சங்கங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஊசுட்டேரியின் நம் பக்கத்துப் பாதியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில வருஷம் கழித்துத் தமிழ்நாடும் தன் பாதியை அறிவித்தது. ஐப்பசிக்கு மேல் போய்ப் பாருங்கள். கூழைக்கடா, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, வர்ணநாரை என்று கண் நிறையும். பறவைகளுக்கு ஏரியின் நடுவே போகும் கோடு தெரியாது.

இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நாம் காப்பாற்றியது கரைக்குள் நிற்கும் தண்ணீரை. வரும் வழியும் போகும் வழியும் எந்த அறிவிப்பிலும் இல்லை. அவை நம் காம்பவுண்டு சுவர்களுக்குள் இருக்கின்றன. ஏரியில் கை வைத்தால் ஊர் திரளும், பேப்பரில் வரும். கால் குழி, கால் குழியாகப் போனதை யாரும் கவனிக்கவில்லை. எடுத்தவர்களும் திருடர்கள் இல்லை. என்னைப் போன்ற குடும்பஸ்தர்கள்.

இந்த வருஷம் கோடையில் பின்சுவரை இடித்து, மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினேன். மகன் போனில் கோபித்துக்கொண்டான். "நீங்க ஒருத்தர் விட்டா வாய்க்கால் வந்துடுமாப்பா? முன்னாடியும் அடைச்சிருக்கு, பின்னாடியும் அடைச்சிருக்கு." அவன் சொல்வது சரிதான், வாய்க்கால் வரவில்லை. 48 அடி நீளத்துக்கு மூன்றடி அகலத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில், ரிட்டையர்டு ஆனவருக்குப் பொழுது போகவில்லை என்று பேச்சு. பின்வீட்டு வாத்தியார் மட்டும் ஒருநாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்த மேப்பை எனக்கும் ஒரு காப்பி எடுத்துத் தர்றீங்களா சார்?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்ததே எனக்கு ஒரு நிம்மதி.

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடப்பாக்கம், அகரம், பத்துக்கண்ணு, சேதராப்பட்டு, வில்லியனூர் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் எந்த வாய்க்கால் எந்த மதகிலிருந்து எந்த வழியாக ஓடியது, அதற்கு என்ன பெயர் என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். பிரெஞ்சு வரைபடத்தில் கோடு இருக்கிறது, பெயர் இல்லை. எங்கள் வீட்டுப் பின்னால் ஓடியதற்குப் பெரியப்பா ஒரு பெயர் சொல்வார். எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.